பறவை பார்ப்பதும் ஒரு காவலே

கையில் தொலைநோக்கியும் குறிப்பேடுமாகக் குளக்கரையில் நிற்பவரைக் கண்டால், "இவருக்கு வேறு வேலை இல்லையோ?" என்று நகைத்துச் செல்வோர் பலர். குடும்பமாகப் பறவை பார்க்கப் புறப்படும் எங்களிடமும் இக்கேள்வி பலமுறை கேட்கப்பட்டதுண்டு. அதற்குரிய விடையை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்களுக்கு முதற் பாடம் கற்பித்தது நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம். மணிமுத்தாற்றுக் கால்வாய் நீர் வந்து சேரும் குளம் அது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே தங்குகின்றன. மஞ்சள்மூக்கு நாரைகளோ குளத்துக் கருவேல மரங்களோடு நில்லாமல், வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கூரையிலும் கொடித் துணியிலும் எச்சம். காற்றெல்லாம் மீன் நாற்றம். ஓயாத குஞ்சுகளின் இரைச்சல். இத்தனையையும் எப்படிப் பொறுக்கிறீர்கள் என்று மூதாட்டி ஒருவரிடம் கேட்டோம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளை யாரேனும் விரட்டுவார்களா என்று எங்களையே அவர் திருப்பிக் கேட்டார்.

பறவைகள் வெருளும் என்பதற்காகத் தீபாவளியன்றுகூட அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி என்னும் காவலர் அவ்வூரினரே. பறவைகளும் கடன் வைப்பதில்லை; எச்சம் கலந்த குளத்து வண்டல் வயல்களுக்கு நல்ல எருவாகிறது. அரசு இவ்விடத்தைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். உலகளாவிய ராம்சர் பட்டியலிலும் இது பின்னர்ச் சேர்ந்தது. ஊராரின் காவலோ அவற்றிற்கு வெகுகாலம் முந்தியது. வேடந்தாங்கல் மக்களும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட்ட ஆங்கிலச் சிப்பாய்கள்மீது முறையிட்டுக் கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை பெற்றவர்கள் அல்லவா?

"காப்பது சரி, எண்ணி எழுதுவதால் என்ன பயன்?" எனலாம். பிணந்தின்னிக் கழுகின் வரலாறே இதற்கு விடை. ராஜஸ்தானத்துப் பரத்பூரில் 1980-களில் நூற்றுக்கணக்கில் கூடு கட்டிய கழுகுகள், 1990-களின் இறுதிக்குள் ஏறத்தாழ அற்றுப்போயின. விபு பிரகாஷ் என்னும் அறிஞர் எண்ணிக் குறித்திருந்ததால்தான் அவ்வீழ்ச்சி வெளிப்பட்டது. கால்நடைகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்தே, இறந்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுகளைக் கொன்றதென 2004-இல் தெளிவாயிற்று. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மடிந்துவிட்டன. தின்பாரற்றுக் கிடந்த பிணங்களால் தெருநாய்கள் பெருகின. வெறிநாய்க்கடி அச்சமும் கூடிற்று. பறவைக்கு வந்த கேடு மனிதர் வாசலுக்கும் வந்தது. எண்ணுவார் இல்லாதிருந்தால், காரணத்தைத் தேடவும் எவருக்கும் தோன்றியிராது.

இப்பணிக்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மாணவரும் பொதுமக்களும் பங்குகொள்கின்றனர். 2015 முதல் பொங்கல் நாள்களிலும் தமிழகமெங்கும் பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன. பெற்றோரே, வரும் பொங்கலன்று பிள்ளைகளுடன் கால் மணி நேரம் கொல்லையிலோ குளக்கரையிலோ அமருங்கள். நாள், இடம், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றை அவர்கள் கையாலேயே எழுதச் செய்யுங்கள். காக்கையும் மைனாவும் கணக்கில் சேரட்டும். கூட்டை நெருங்காதிருக்கவும், குஞ்சைத் தொடாதிருக்கவும் கற்பியுங்கள்.

குளத்தில் குப்பை கொட்டப்படும்போதும், கரை மரம் வெட்டப்படும்போதும், "இங்கே இத்தனை பறவைகள் இருந்தன" என்று சான்று கூற ஊருக்கு ஒரு குறிப்பேடாவது வேண்டும். அது நம் பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்குமானால், அக்குளத்தைக் காக்க நாளை முன்வருவோரும் அவர்களாகவே இருப்பர்.