பாதியில் நின்ற கணக்கு

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் சந்தா, நல நிதி இரண்டுக்கும் கணக்கு இப்போது கம்ப்யூட்டரில்தான். பேரன் எழுதிக்கொடுத்த சின்ன ஸ்கிரிப்ட், எஸ்க்யூலைட் என்னும் டேட்டாபேஸில் பதிகிறது. போன மாதம் சந்தாவிலிருந்து நல நிதிக்கு 5,000 ரூபாய் மாற்றும்போது கரண்ட் போய்விட்டது. சந்தாவில் கழித்தாகிவிட்டது, நிதியில் கூட்டவில்லை என்று நின்றிருந்தால்? யாராவது காலமானால் அன்றைக்கே வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் பணம் அது.

கரண்ட் வந்ததும் பொருளாளர் ஃபோல்டரைத் திறந்தார். பெயரின் கடைசியில் 'ஜர்னல்' என்றிருந்த புதுக் கோப்பு ஒன்று கிடந்தது. குப்பை என்று அழிக்கப் போனவரை, "தாத்தா, அதைத் தொடாதீங்க!" என்று போனிலேயே தடுத்தான் பேரன்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு ழுர்னால் என்றால் செய்தித்தாள் மட்டுமல்ல, வியாபாரிகளின் நாளேடும்தான். இதுவும் ஒருவகை ஏடு. டேட்டாபேஸை மாற்றுமுன் பழைய பக்கத்தை எஸ்க்யூலைட் இதில் எழுதி வைத்துக்கொள்கிறது. வேலை நடுவில் நின்றால், அடுத்த முறை திறக்கும்போது இதைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது. எங்களுக்கும் அப்படித்தான் இரண்டு தொகையும் பழையபடி வந்தன. கழிப்பதையும் கூட்டுவதையும் பேரன் ஒரே டிரான்சாக்ஷனாகக் கட்டியிருந்ததால்தான் இது நடந்தது. தனித்தனியாக எழுதியிருந்தால் கழித்தது கழித்ததுதான்.

பூட்டு விஷயம் எனக்கு இன்னும் சுலபமாகப் புரிந்தது. எஸ்க்யூலைட்டில் பலர் படிக்கலாம், எழுதுவது ஒரு நேரத்தில் ஒருவர்தான். எங்கள் ஆபீஸில் பேரேட்டை மேஜை டிராயரில் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் உண்டு. செக்‌ஷனே காத்திருக்கும். பைத்தான் ஸ்கிரிப்ட் நம்மைப்போல் பொறுமைசாலி அல்ல. நாம் மாற்றிச் சொல்லாவிட்டால் 5 விநாடி பார்த்துவிட்டு, டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது என்று நின்றுவிடும். ஆகவே டிரான்சாக்ஷனைத் திறந்துவைத்துக்கொண்டு 'சரியா, இல்லையா' என்று ஆளைக் கேட்கக் கூடாது. கேட்பதும் கூட்டிப் பார்ப்பதும் முதலில். பிறகு திற, எழுது, கமிட் செய், மூடு.

இருவர் ஒரே சமயம் படித்துவிட்டு இருவருமே எழுதப் போனாலும் சிக்கல்தான். அதற்கு 'பிகின் இமீடியட்' என்று தொடங்கி, எழுதும் உரிமையை முதலிலேயே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். இந்தப் பூட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் 'வெரு' என்பார்கள். தமிழில் வெரு என்றால் அச்சம். பொருத்தம்தான்!

பேரன் அந்த வரியையும் சேர்த்துவிட்டான். யூ.பி.எஸ். வாங்கும் தீர்மானம்தான் செயற்குழுவில் இன்னும் கமிட் ஆகவில்லை.