‘தோல்வி’ எண்டால் என்ன தோல்வி?

ஒரு சின்ன லினக்ஸ் போர்டில தொடுதிரையைப் பூட்டிப்போட்டு ரெண்டு இரவு முழிச்சிருந்தம். படம் வருது, தொட்டால் அசைவில்லை. கெர்னலின் பதிவைத் திறந்தால் ஒரே வரி ஐந்து தரம்: ‘ப்ரோப் ஃபெயில்ட்’. ஏன் எண்டு ஒண்டுமில்லை. திரை பழுது எண்டு முடிவெடுத்து, புதுசு வாங்கக் காசும் சேர்க்கத் தொடங்கீட்டம்.

கடைசியில் ட்ரைவரின் மூலநிரலைத் திறந்தோம். அதே வசனம் நான்கு இடங்களில் இருந்தது. மின்சாரம் கிடைக்காவிட்டாலும் அதுதான், சிப் பதில் சொல்லாவிட்டாலும் அதுதான். காரணம் ஒரு மறை எண்ணாக ட்ரைவரின் கைக்கு வருகிறது. அதை எங்களுக்குக் காட்டாமல் விழுங்கிவிடுகிறது.

அந்த எண்ணையும் அச்சிட வைத்தோம். முதல் நாலு வரியிலும் -517. அது பிழையே இல்லை! ‘எனக்கு வேண்டிய இன்னொரு ட்ரைவர் இன்னும் வரேல்லை, பிறகு கூப்பிடுங்கோ’ என்பதுதான் அதன் பொருள். ஐந்தாவதில் -6. அந்த முகவரியில் பதில் சொல்ல ஒருத்தரும் இல்லை. வயரைப் பாத்தம். ஒரு பின் தள்ளிப் பூட்டியிருந்தம். வெட்கமாப் போச்சு.

இதுக்கெண்டே 2020இல், 5.9 பதிப்பில், ‘டெவ்_எர்_ப்ரோப்’ எண்டொரு செயற்கூறு கெர்னலுக்கு வந்திருக்கு. எந்தச் சாதனம், என்ன காரணம் என்று சேர்த்துச் சொல்லும். வெறும் காத்திருப்பு எண்டால் சத்தம் போடாமல் டீபக் மட்டத்தில் ஒதுக்கி வைக்கும். நான்கு இடங்களையும் அதற்கு மாற்றினோம். எந்த வேலை தவறியது எண்டு ஒவ்வொன்றிலும் தனி வசனம் எழுதினோம்.

உற்சாகத்தில் நினைவகம் கிடைக்காத இடத்திலும் ஒரு செய்தி சேர்த்தோம். பிறகுதான் விளங்கிச்சு, நினைவகம் ஒதுக்க முடியாமல் போனால் கெர்னலே விபரமாக் கத்தும். நாங்களும் சேர்ந்து கத்தத் தேவையில்லை. அழிச்சிட்டம்.

மாற்றம் மொத்தம் இருபது வரிகூட வராது. பின் மாறினது எங்கட பிழைதான், ட்ரைவரில பழி போடேலாது. ஆனா ரெண்டு இரவு தேடினதை அந்த ஒரு எண் அஞ்சு நிமிசத்தில சொல்லியிருக்கும். இப்ப எங்கட சொந்த நிரலிலும் ‘பிழை’ எண்டு மட்டும் எழுதிப்போட்டு நகரக் கை வருகுதில்லை.