வாவிக்கரையில் ஓர் அமாவாசை இரவு

மட்டக்களப்பு வாவியிலே மீன்பாடக் கேட்க வருவோர் பூரணை இரவைத் தேடி வருவர். நாமோ அமாவாசையைத் தேடிச் சென்றோம். அன்று 2025 மார்ச் 29ஆந் திகதி, பங்குனி அமாவாசை. மாணவர் நால்வரும் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றும் துணை. விரத நாளாதலின் கட்டுச்சோறு இல்லை, வாழைப்பழமும் தேநீருமே.

சார்ல்ஸ் மெசியே என்னும் வானியலார் 18ஆம் நூற்றாண்டிலே பாரிசிலிருந்து தொகுத்த பட்டியலை ஒரே இரவிற் கண்டு முடிப்பதே எமது நோக்கம். வால்வெள்ளி தேடிய அவர், வால்வெள்ளியென மயக்கிய மங்கலான திட்டுகளையெல்லாம் எண்ணிட்டுக் குறித்துவைத்தார். பின்னர் சேர்ந்தவற்றோடு இன்று அவை 110. விண்மீன் கொத்துகளும் வாயு முகில்களும் நெடுந்தொலைவிலுள்ள அண்டங்களும் அவற்றுள் அடங்கும். மார்ச் மாத அமாவாசையையொட்டிய இரவுகளே இம்முயற்சிக்கு உகந்தவை. 1985 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவிலே ஜெரி ராட்லி என்பவர் 110ஐயும் ஒரே இரவிற் கண்டார்.

இதற்கு மாலையில் மேற்கு அடிவானமும் வைகறையிற் கிழக்கு அடிவானமும் திறந்திருத்தல் வேண்டும். வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் எம்மவர் வழங்குவது எத்துணைப் பொருத்தம்! நாவலடியின் ஒடுங்கிய மணற்கரையிலே நின்றால், மேற்கே வாவி, கிழக்கே வங்கக் கடல். ஓர் இரவின் இரு வாயில்களும் நடக்குந் தூரத்தில் உள்ளன.

ஆயினும் முதற்படியிலேயே சறுக்கினோம். அந்திரோமீடா அண்டம் இருளில் வெறுங்கண்ணுக்கே தெரிவது; அதைத்தான் காணோம்! பிழை எம்முடையதே. மாணவர்க்கு மணலிலே கோடு கீறிக் காரணம் விளக்கினோம்.

மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7¾ பாகையில் உள்ளது. துருவ நட்சத்திரமும் அதே உயரத்தில், அடிவானத்தை ஒட்டியே நிற்கும். பாரிசோ 49 பாகை. அங்கே அந்திரோமீடா மறைவதேயில்லை, வடவானிற் சுற்றிக்கொண்டேயிருக்கும். இங்கோ விண்மீன்கள் செங்குத்தாக இறங்குகின்றன. மார்ச் இறுதியிலே ஞாயிறு மறைந்து அரைமணியளவில், வானம் இருளுமுன்பே, அந்திரோமீடா தன் துணை அண்டங்கள் இரண்டோடும் படுவான்கரையில் மறைந்துவிடும். திரிகோண அண்டமும் 74ஆம் எண்ணும் அவ்வாறே அந்தியொளியிற் கரைந்தன. மார்ச் முற்பகுதியில் வந்திருந்தால் இவ்வைந்தும் கிட்டியிருக்கும். வட அகலக்கோடு 25 பாகையளவில் இருப்பவர்க்கே முழு எண்ணிக்கை எளிது என்பர்.

இழப்புக்கு ஈடும் உண்டு. பாரிசில் மார்ச் அந்தி ஒன்றேமுக்கால் மணி நீளும்; இங்கே எழுபது நிமிடத்தில் இருள் கவிந்தது. அதன்பின் ஒன்பதரை மணி நேரம், ஒன்றுக்கு ஐந்து நிமிடமாக ஓடினோம்.

நள்ளிரவிலே தென்சிலுவை நிமிர்ந்து நின்றது. ஒரு மணியளவில் ஒமேகா சென்டாரி தென்வானில் 35 பாகை உயரத்தில் வந்தது. ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட கோளக் கொத்து அது. தொலைநோக்கியிலே சர்க்கரையைக் கொட்டியது போலிருந்தது. மாணவர் வரிசை குலைந்தது. ஐந்து நிமிடக் கணக்கும் போயிற்று. நாமும் கண்டிக்கவில்லை. எல்லாரிலும் இளையவன் குறிப்புப் புத்தகத்தோடு வந்தான்.

"சேர், இதற்கு என்ன எண் போடுவது?"

"மெசியே இதற்கு எண் தரவில்லையடா. பாரிசில் இது உதிப்பதேயில்லை."

அவன் சற்று யோசித்துவிட்டு, பட்டியலுக்கு வெளியே, ஓரத்திலே, பெரிய எழுத்தில் அதன் பெயரை எழுதினான்.

நாலு மணிக்குக் கடற்பக்கம் பெயர்ந்தோம். பட்டியலில் இறுதியாக உதிக்கும் 30ஆம் எண் கொத்து, மார்ச்சிலே பாரிசில் விடியல் தொடங்கிய பின்னரே உதிப்பது. இங்கோ மீன்பிடி வள்ளங்களின் விளக்குகளுக்கு மேலே கரிய வானில் தெளிவாய் நின்றது. நகர ஒளியிலும் அடிவானப் புகாரிலும் மேலும் ஏழு தப்பியமையால் எம் தொகை 98. இளையவன் மட்டும் 99 என்று எழுதிக் கையொப்பத்துக்கு நீட்டினான். ஒப்பமிட்டோம்.