கப்பலுக்கு முன் ஒரு கடற்கரை

ஓகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார, ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி எடுத்தாள். பயணம் முடிவாகிவிட்டதாம். 29ஆம் திகதி வேளாங்கண்ணிக் கொடியேற்றம். 27இல் காங்கேசன்துறையில் கப்பலேறி நாகபட்டினம் போனால், அங்கிருந்து மாதா கோயில் கிட்டத்தான். இந்திய விசாவெல்லாம் அங்கேயே எடுத்தாயிற்று. அம்மாவும் கூடப் போகிறார்.

கொழும்பிலிருந்து சென்னைக்குப் பறந்து போகலாமே என்றேன். "அம்மா கப்பல்ல போன கதையச் சொல்லிச் சொல்லித்தானே எங்கள வளத்தவ" என்றாள். உண்மைதான். எழுபதுகளில் தலைமன்னாரில் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கிப் போனவர் அம்மா. போர் வந்து அந்தச் சேவை எண்பதுகளில் நின்றது. 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து 'செரியபாணி' காங்கேசன்துறைக்கு வந்தது. சில நாட்களிலேயே மழைக்காலத்தைக் காட்டி நிறுத்தினார்கள். போன வருசம், 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' தொடங்கியது. நாலு மணித்தியாலப் பயணம்.

சின்ன மருமகனுக்கு ஆறு வயது. போனை வாங்கி, "மாமா, கப்பல்ல சுவிமிங் பூல் இருக்கா?" என்று கேட்டான். 2023இல் சென்னையிலிருந்து திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்துபோன கொர்டேலியா சொகுசுக் கப்பலின் படத்தை யாரோ காட்டியிருக்கிறார்கள். இவர்கள் ஏறப்போவது நூற்றைம்பது பேர் வரிசையாக இருந்து போகும் கலம். அதை அவனுடைய தாயே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குத் தந்த வேலை வேறு. கப்பலுக்கு முதல் எல்லோரும் ஒன்றாக இருக்க ஒரு கடற்கரை ஹோட்டல் பார்க்க வேண்டும். பிள்ளைகள் குளிக்கக் கூடிய கடலாக இருக்க வேண்டும், அம்மாவுக்கு ஏறி இறங்கக் கஷ்டம் இருக்கக் கூடாது, காசும் கையைக் கடிக்கக் கூடாது. கச்சேரியில் முப்பது வருசம் கோவை பார்த்த எனக்கு இது ஒரு கோவை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

மட்டக்களப்பில் தண்ணீருக்கு என்ன குறை? வாவி மட்டும் 56 கிலோமீற்றர் நீளம். தாண்டவன்வெளியில் எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்சத்தில் தண்ணீரில்தான் போய் நிற்க வேண்டும். ஆனால் பிள்ளைகளை இறக்கிவிடக் கூடிய தண்ணீர் எது என்று பார்த்தால் கணக்குச் சுருங்கிவிடுகிறது.

வாவிக்கரையில் தங்கலாம். விடியற்புறம் தோணியில் கண்டல் காட்டுப் பக்கம் போய் வரலாம், முகத்துவாரத்தில் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைப் பார்க்கலாம். கல்லடிப் பழைய பாலத்தில் நின்று பாடும் மீனைக் கேட்கலாம் என்று மனிசி சொன்னாள். அதற்குப் பறுவ நிலவு வேண்டும், சத்தமும் அடங்க வேண்டும். இவர்கள் வருவது அமாவாசைக்கு அடுத்த நாள். 1924இல் கட்டிய அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் வந்தபிறகு, மீனை விட லொறிதான் கூடப் பாடுகிறது. எப்படியும் வாவியில் பிள்ளைகளைக் குளிக்க விட மாட்டேன்.

கல்லடிக் கடற்கரை வீட்டுக்குக் கிட்ட. பின்னேரம் கச்சான் கொறித்துக்கொண்டு காற்று வாங்க அதைப்போல இடமில்லை. கடல்தான் சரியில்லை. அலை கரையிலேயே குத்தி விழும், காலுக்கடியில் மண்ணை உருவும். ஆறு வயதுப் பிள்ளையை அங்கே இறக்குவதென்றால் கையைப் பிடித்த பெரியவனையும் இன்னொருவன் பிடிக்க வேண்டும்.

மகன் நிலாவெளியைச் சொன்னான். நல்ல இடம், யாழ்ப்பாணப் பாதைக்கும் கிட்ட. ஆனால் தங்கச்சி வருவது ஊருக்கு. தாயின் சகோதரங்கள், பள்ளிக்கூடச் சிநேகிதிகள் எல்லோரும் வந்து பார்த்துப் போகும் தூரத்தில் அவள் இருக்க வேண்டும். ஆகவே பாசிக்குடா.

ஓகஸ்ட் 8, வெள்ளி. போயா

வேண்டுமென்றே பறுவ விடுமுறையான போயா நாளில் போனோம். ஓர் இடத்தின் மோசமான நாளைப் பார்த்துவிட்டால் நல்ல நாளைப் பற்றிக் கவலையில்லை என்பது என் கட்சி. மகன் மோட்டார் சைக்கிளை ஓட்ட, ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி, கிரான் என்று போய் கும்புறுமூலையில் திரும்பினோம்.

பொதுக் கடற்கரையில் பஸ்கள் வரிசையாக நின்றன. பாட்டுப் பெட்டி, சோற்றுப் பார்சல், மாங்காய் அச்சாறு, காற்றடைத்த ரியூப். சேலையோடும் சாரத்தோடும் முந்நூறு பேராவது தண்ணீரில். நானும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கரையில் நிற்கும் மகனின் முகம் தெரியாத தூரம் போயும் இடுப்பு நனையவில்லை. அடியில் மணல் வரி வரியாக, பாய் விரித்தது மாதிரிக் கிடந்தது. குடாவின் விளிம்பில் முருகைக்கல் பார் இருப்பதால் அலை அங்கேயே உடைந்துவிடுகிறது. உள்ளே வருவது சலசலப்பு மட்டும். எனக்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டி கழுத்தளவு தண்ணீரில் நிற்பதுபோல் தெரிந்தது. கிட்டப் போனால் சப்பாணி கட்டி இருக்கிறார்.

அதோடு கடல் கேள்வி முடிந்தது. அடுத்த பக்கமான கல்குடாக் கரையையும் ஒருக்கா பார்த்தோம். ஆளில்லை, அழகு கூட, ஆழமும் கூட. புதிதாகக் கலியாணம் செய்தவர்களுக்குச் சரி.

ஹோட்டல்கள் பொதுக் கரைக்கு அப்பால் குடாவை வளைத்து நிற்கின்றன. போருக்கு முன்பும் இங்கே ஹோட்டல்கள் இருந்தன. 1978 நவம்பர் 23 சூறாவளி அடித்தது, பிறகு போர். என் இளமையில் பாசிக்குடா என்றால் கூரையில்லாத சுவர்கள்தான். 2009இல் போர் முடிந்தபிறகு காணி பிரித்துக் கொடுத்து, மாலு மாலு, அமெதிஸ்ட், உகா பே, அனந்தயா என்று ஒவ்வொன்றாக எழும்பின. கரைவலைக்காரர் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு சீயோன் தேவாலயக் குண்டு, கொரோனா, 2022 பெற்றோல் வரிசை எல்லாம் சேர்ந்து அந்த ஹோட்டல்களையும் பல மாதம் வெறுமையாக வைத்தன. இப்போது வெள்ளைக்காரர் முகம் மறுபடி தெரிகிறது. வேலைக்கு எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வாசலிலும் பார்த்தேன். காவலுக்கும் தோட்டத்துக்கும் தமிழ் கேட்டது. வரவேற்பு மேசையில் குறைவு.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

விலை. இந்த நாட்டில் ஒரே அறைக்கு இரண்டு விலை: அடையாள அட்டைக்காரருக்கு ரூபாயில், கடவுச்சீட்டுக்காரருக்கு டொலரில். தங்கச்சி குடும்பம் கனடா, நாங்கள் தாண்டவன்வெளி. ஒரே மேசையில் சாப்பிடப் போகும் ஆட்களுக்கு இரண்டு பில். ஒரு ஹோட்டலில், எல்லா அறையையும் என் பெயரில் போடலாமா என்று கேட்டேன். வரும்போது எல்லோருடைய அட்டையையும் பார்ப்போம் என்றார்கள். நேர்மையான பதில். இன்னொன்றில் "அதெல்லாம் செய்யலாம், வாங்க" என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் கேட்டேன், மின்னஞ்சல் வரவேயில்லை. அந்த ஹோட்டலைக் கோவையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பிள்ளைகள் விசயமும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. சின்னவன் தாய் தகப்பனோடு படுத்தால் காசில்லை என்கிறது ஒன்று, ஆறு நிறைந்தால் அரைக் கட்டணம் என்கிறது மற்றது. பெரியவளுக்குப் பதினொன்று, மேலதிகக் கட்டில் போட்டால் அறையில் நடக்க இடமில்லை. படத்தில் எல்லா அறையும் மண்டபம் மாதிரித்தான் தெரியும். நான் கேட்டது, உள்ளே கதவு வைத்து இணைத்த இரண்டு அறை. கிடைத்தது ஒரே இடத்தில்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "கீழ் அறையா மனே?" என்றார்.

ஓம், முழங்காலுக்கு அதுதானே நல்லது என்றேன்.

"கடலுக்குப் பக்கத்தில கீழ நான் படுக்கமாட்டன். மேலயெண்டா தவண்டெண்டாலும் ஏறுவன்."

2004 மார்கழி 26இல் நாவலடியில் அம்மாவின் தங்கை வீடு இருந்தது. இப்போது அத்திவாரமும் இல்லை. அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர் அன்று சந்தைக்குப் போயிருந்த சித்தப்பா ஒருவர்தான். பாசிக்குடாவையும் அந்தச் சுனாமி விடவில்லை. ஹோட்டல் பார்க்கும்போது கடல் தெரியும் அறை கிடைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், அதற்குக் கூடக் காசும் கொடுக்கிறார்கள். எங்கள் கரையில் அம்மாவின் வயதுக்காரர் அதே அறைக்குக் காசு தந்தாலும் போகமாட்டார்கள்.

இணைந்த அறை உள்ள ஹோட்டலுக்கு எடுத்தேன். மாடி ஒன்றுதான், படி பதினெட்டு, கைப்பிடி உண்டு. சுனாமி எச்சரிக்கை வந்தால் எந்த வழி என்று கேட்டேன். முகாமையாளர் சிரிக்கவில்லை. பின் வாசல் இரவிலும் பூட்டுவதில்லை, அங்கிருந்து நேரே பிரதான வீதி, வெளியேறும் பாதைப் பலகை சந்தியில் இருக்கிறது, இரவுக் காவலரிடம் வான் திறப்பு இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நீச்சல் தடாகத்தின் நீளத்தைச் சொன்னதைவிட இதை விளக்கமாகச் சொன்னார். அந்த ஆளின் ஹோட்டலையே எடுப்பதென்று அந்த இடத்தில் முடிவெடுத்தேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி. மாதா விண்ணேற்புத் திருநாள்

பூசைக்குப் பிறகு மச்சானோடு, தங்கச்சியின் கணவரோடு, வாக்குவாதம். அவருக்கு 26ஆம் திகதி இரவையும் பாசிக்குடாவிலேயே கழிக்க ஆசை. கப்பல் மத்தியானத்துக்குப் பிறகுதானே, விடிய இரண்டு மணிக்கு வானில் ஏறினால் போகலாம் என்கிறார். கனடாவில் நெடுஞ்சாலையில் ஓடிய பழக்கம். இங்கே வாகரை, வெருகல், கிண்ணியா என்று திருகோணமலை போய், ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவில் ஏ9ஐப் பிடித்து, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம், அதற்கும் அப்பால் காங்கேசன்துறை. 300 கிலோமீற்றருக்கு மேல். வழியில் யானை நின்றால் அது போகும்வரை நாங்களும் நிற்க வேண்டும். அம்மாவுக்கு அடிக்கடி இறங்கவும் வேண்டும். கப்பலோ பொதியை நிறுத்து, கடவுச்சீட்டைப் பார்த்து ஏற்றும் கப்பல். தவறினால் அடுத்த நாளுக்கு இடம் கிடைக்குமோ தெரியாது, 29இல் கொடி ஏறிவிடும்.

பாசிக்குடாவை எடுத்ததில் ஒரு வசதி, அது இந்தப் பாதையில்தான் கிடக்கிறது. மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிடுவதை விட ஒரு மணித்தியாலம் மிச்சம். அதற்காக முந்திய இரவையும் அங்கே வைக்க முடியாது. கடைசியில் தங்கச்சி தீர்ப்புச் சொன்னாள்: 26 இரவு யாழ்ப்பாணம். நல்லூர் தேர் 21, தீர்த்தம் 22; அதற்குப் பிறகு அறை எடுக்கக் கஷ்டமில்லை. காங்கேசன்துறைக் கடற்கரையிலேயே இராணுவம் நடத்தும் தல்செவன இருக்கிறதே என்று மகன் சொன்னான். மச்சானின் தகப்பன் வழிக் காணி பலாலிப் பக்கம், இராணுவம் பிடித்த இடத்தில். அவர் பதில் சொல்லவில்லை. பேச்சு வேறு பக்கம் போனது.

ஓகஸ்ட் 25, திங்கள். பாசிக்குடா

நேற்று ஞாயிறு, பின்னேரம் வந்து இறங்கியபோது பொதுக் கரையிலிருந்து பாட்டுச் சத்தம். இருட்டியதும் பஸ்கள் கிளம்பிவிட்டன. இன்று காலை குடா முழுக்க எங்களுக்கே. சின்னவன் தண்ணீருக்குள் நடந்துகொண்டே இருந்தான், மச்சான் பின்னால். அம்மா பனாமா தொப்பியோடு நிழலில் கதிரையில். பதினெட்டுப் படியையும் ஏறிவிட்டார், இறங்கும்போது மட்டும் என் தோள்.

சாப்பாட்டுக் கதை தனி. காலையும் இரவும் மட்டும் ஹோட்டலில் என்று எடுத்தது நல்லதாகப் போயிற்று. பஃபேயில் முப்பது வகை, உறைப்பு ஒன்றிலும் இல்லை. அம்மா பாணைக் கிள்ளிக்கொண்டு, "சொதி கிடையாதா?" என்று பரிமாறும் பையனிடம் கேட்டார். பையன் வாழைச்சேனைக்காரன். உள்ளே போய், ஊழியர்களுக்கு ஆக்கிய மீன் சொதியை ஒரு கோப்பையில் கொண்டுவந்து வைத்தான். பக்கத்து மேசை ஜெர்மன்காரர் அது என்ன என்று கேட்டு, தானும் வாங்கிக் குடித்தார். மத்தியானம் எல்லோரும் ஓட்டமாவடிக்குப் போய்ச் சோறு, இறால் பொரியல், சட்டித் தயிர்.

ஓகஸ்ட் 28, வியாழன்

நேற்று இரவு நாகபட்டினத்திலிருந்து அழைப்பு. சுகமாக இறங்கிவிட்டார்கள். கடல் கொஞ்சம் ஆட்டியதாம், சின்னவன் வாந்தி, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஹோட்டல் பில்லைக் கோவையில் செருகிவிட்டேன். சொன்ன விலைக்கு மேல் ஒரு சதமும் போடவில்லை.

காங்கேசன்துறைக் கப்பலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளோடு கிழக்கில் நிற்க விரும்புகிறவர்களுக்கு: பாசிக்குடாவுக்கு வாருங்கள், மேயிலிருந்து செப்டெம்பருக்குள் வாருங்கள், ஞாயிறையும் போயாவையும் தவிருங்கள். அறை எடுக்குமுன் பின் வாசல் எங்கே என்று கேளுங்கள். கப்பலுக்கு முந்திய இரவை மட்டும் யாழ்ப்பாணத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.