சருகுக்குள் சாறு திருடன்
வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு மலையேறினால், காபிச் செடிகளுக்கு நடுவே கமலா ஆரஞ்சு காய்த்துத் தொங்கும். இந்த மாதிரித் தோட்டங்களின் ஓரத்தில், காய்ந்த இலை என்று நினைத்தது சட்டென எழுந்து பறக்கும். பின் இறக்கையில் மஞ்சளும் கறுப்பும் பளிச்சிடும். அதுதான் பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. பகலெல்லாம் சருகோடு சருகாகக் கிடந்து, இருட்டியதும் பழத்தோலைத் துளைத்துச் சாறு குடிக்கும். துளை வழியே அழுகல் இறங்கி, பழம் உதிரும்.

இதன் புழு ஆரஞ்சு இலையைத் தொடாது. காட்டோரச் சீந்தில் கொடியில்தான் வளரும். எனவே வேலியோரக் கொடிகளில், உடம்பில் கண் போன்ற புள்ளியுள்ள புழுக்களைத் தேடிப் பொறுக்குங்கள். உதிர்ந்த பழங்களை அன்றன்றே புதையுங்கள். அந்த வாடைக்கும் பூச்சி வரும். முற்றும் பழங்களுக்கு உறை கட்டுங்கள். காட்டுக்குள் இருக்கும் சீந்திலை வெட்ட வேண்டாம், அது மருந்துக்கொடி.