ராம் மாத்தினேன்... ராங் ஆயிடுச்சு!

கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் திக்குதா பாஸ்? 'வேகமான ராம் போடு மச்சான், பறக்கும்'னு அட்வைஸ் பண்ண ஹாஸ்டல்ல ரூமுக்கு ஒருத்தன் இருப்பான். அவனை நம்பி, அம்மாவோட சீட்டுப் பணத்துல நாலாயிரத்தைக் கரைச்ச கதை இது!

என் மெஷின்ல தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ரைஸன் 5 5600ஜி பிராசஸருக்குள்ள இருக்கிற கிராஃபிக்ஸ்தான். ராம், 2666 வேகத்துல ரெண்டு 8 ஜிபி. 'புராஜெக்ட்டுக்கு வேணும்மா'னு புளுகி, 3600 வேகத்துல ஒரே ஒரு 16 ஜிபி வாங்கினேன். பழசைக் கழற்றிட்டு மாட்டி, வேலரன்ட்டைத் திறந்தா... முன்னைவிட மோசமாத் திக்குது!

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 2666 ராம் ஒண்ணு நொடிக்கு 21.3 ஜிபி டேட்டா தரும். ரெண்டு மாட்டினா ரெண்டு பாதை, 42.6 ஜிபி. என் புது 3600 ஒத்தையா நின்னா 28.8 தான்! அதுவும் பயாஸ்ல எக்ஸ்எம்பியை ஆன் பண்ணாத்தான். இல்லேன்னா 2133, 2400னு அடக்கி வாசிக்கும். தனி கார்டு இல்லாததால, கிராஃபிக்ஸும் இதே ராமைத்தான் நம்பி இருக்கு. அதான் அடி!

தனி கார்டு இருக்கா? அதுக்குச் சொந்த மெமரி உண்டு. 4கே-ல ஆடினா திணறுறது கார்டுதான். ராம் வேகத்தைக் கூட்டினாலும் பெருசா வித்தியாசம் தெரியாது. 1080பி-ல, செட்டிங்கைக் குறைச்சு ஆடினா கொஞ்சம் தெரியும். பெட்டி மேல இருக்கிற நம்பரைப் பார்த்தும் மயங்காதீங்க. டிடிஆர்4 3200 சிஎல்16, டிடிஆர்5 6000 சிஎல்30... சிஎல் கணக்குப்படி ரெண்டுக்கும் தாமதம் அதே 10 நானோ செகண்ட்!

லைவ் ஸ்ட்ரீமிங்? எங்க சிம்போசியம் கேமிங் ஃபைனல்ல படம் துண்டு துண்டா உடைஞ்சது. எல்லாரும் ராமைத் திட்டினோம். பார்த்தா, 6 எம்பிபிஎஸ்னு செட் பண்ணியிருக்கோம், நெட் அப்லோடு 4 தான்! இதுல ராம் பாவம் என்ன பண்ணும்?

பழைய ரெண்டையும் திரும்ப மாட்டினேன். கேம் பழையபடி ஓடுச்சு. அன்னிக்கு ராத்திரி அம்மா போன்ல, 'புது சாமான் நல்லா ஓடுதா கண்ணு?' பொய் சொல்ல வாய் வரலை. எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. 'சரி, அடுத்த சீட்டை நீ கட்டு'ன்னாங்க. ஸ்டைபண்ட்ல கட்டிட்டு இருக்கேன்.

நீங்க கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்தைப் பாருங்க. என்ன வேகம், எத்தனை ஸ்லாட்... எல்லாம் அங்கேயே இருக்கு. அதுக்குச் சீட்டுப் பணம் தேவையில்லை பாஸ்!