கண் மையை அழிக்கப் போய் நான் படித்த லேபிள்

சென்ற மாதம் மகளிர் குழுவினருக்கு நிலக்கடலைப் பயிற்சி கொடுத்தேன். ஜிப்சம் இடுவது பற்றிச் சொல்லி முடித்து, "வேறு சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். ஒரு சகோதரி எழுந்தார். "மேடம், எம் பொண்ணு பள்ளிக்கூட ஆண்டு விழாவுல ஆடினா. கண்ணுல போட்ட மை ரெண்டு நாளா போகல. சோப்பு போட்டா எரியுதுன்னு அழறா. இயற்கையா ஏதாவது வழி இருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இதே விஷயத்தில் தப்புச் செய்தவள் நான்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு கோயில் விழாவில் பரதம் ஆடிவிட்டு இரவு 11 மணிக்கு வீடு வந்தோம். கண்ணைச் சுற்றி அடர்த்தியான மை. இமை முடியில் தண்ணீருக்கும் அசையாத மஸ்காரா. சோப்பு போட்டுத் தேய்த்ததில் கண் சிவந்தது, மை போகவில்லை. எண்ணெய் வைத்தால் போகும் என்று கேள்விப்பட்டது நினைவுக்கு வந்தது. தேங்காய் எண்ணெய் தீர்ந்திருந்தது. பூஜை அலமாரியில் இருந்த தீப எண்ணெயைப் பஞ்சில் ஊற்றித் துடைத்துவிட்டேன். எல்லாம் எண்ணெய்தானே என்று நினைத்தேன்.

காலையில் அவளுக்கு இரண்டு இமையும் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. கண் மருத்துவர் முதலில் கேட்டதே, "என்ன எண்ணெய் வைத்தீர்கள்?" என்றுதான். வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். 'விளக்கேற்ற மட்டும், உண்ணத் தகுந்ததல்ல' என்று பொடி எழுத்தில் இருந்தது. வாசனைப் பொருளும் கலந்திருந்தார்கள். லேபிளைப் படிக்காமல் மருந்து தெளிக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவள், பெற்ற பிள்ளையின் கண்ணுக்கு வைத்ததைப் படிக்கவில்லை. வீக்கம் வடிய நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாளும் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு ஒருமுறை செய்யாறு பக்கம் வயல் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒரு நெல் விவசாயி, கோடையில் பாரதக் கூத்தில் வேடம் கட்டுபவர். விடிய விடிய ஆடிவிட்டு நேராக வயலுக்கு வந்திருந்தார். முகத்தில் அரிதாரம் துளிகூட இல்லை. எப்படி என்று கேட்டேன். "எண்ணெயில குழைச்சது எண்ணெயிலதாம்மா போவும். தேங்கா எண்ணெய வெச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும். தேய்க்கக் கூடாது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வீட்டு மை என்பது விளக்குக் கரியை விளக்கெண்ணெயிலோ நெய்யிலோ குழைத்தது. கடை மையிலும் மெழுகும் எண்ணெயும்தான் கரு நிறத்தைப் பிடித்து வைக்கின்றன. அது தண்ணீரில் கரையாது. எண்ணெய் பட்டால் இளகிவிடும்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கையைக் கழுவிக்கொள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் சுத்தமான தேங்காய் எண்ணெயில் நான்கைந்து சொட்டு, ஈரப் பஞ்சில் விடுங்கள். மூடிய இமைமேல் அரை நிமிடம் வைத்திருந்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் துடையுங்கள். அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. பிறகு வெதுவெதுப்பான நீரில் முகம் கழுவினால் போதும். எண்ணெயைக் கண்ணுக்குள் விட வேண்டாம். செக்கில் ஆட்டியதாக இருந்தால் நன்றாகத் தெளியவைத்து, கசடு இல்லாமல் வடிகட்டி எடுங்கள். எரிச்சலோ வீக்கமோ வந்தால் வைத்தியம் பார்க்காமல் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இயற்கை என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பாதீர்கள். வேப்பெண்ணெயும் இயற்கைதான். பூச்சிக்குத் தெளிக்கலாம், கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

அன்று மாலையே அந்தச் சகோதரி போன் செய்து, மை போய்விட்டது என்றார். என் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். லீவுக்கு வந்தால், தீப எண்ணெய் பாட்டிலின் லேபிளை என் காதில் விழும்படி சத்தமாகப் படித்துவிட்டுத்தான் விளக்கேற்றுகிறாள்.